தண்ணீர் வராத ஜெட்

இந்த ஜெர்மன் ஊரில் லிஃப்டில் ஏறுகிறவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் வந்து மூன்று வருடமாகியும், என்ன வேலை செய்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதில்லை. கோயமுத்தூர் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் டிக்கெட் வாங்குவதற்குள் குலம், கோத்திரம், சம்பளம் எல்லாம் விசாரித்துவிடுவார். யாரும் கேட்கவில்லையே என்று முதலில் எனக்கு வருத்தம்தான். சென்ற விடுமுறையில் பெண் பார்க்கச் சோமனூர் போய்வந்த பிறகு, கேட்காமல் விடுவதும் பெரிய உபகாரம் என்று புரிந்துவிட்டது.

பெண் மலர்விழி, பள்ளியில் இயற்பியல் டீச்சர். அவளுடைய அப்பாவுக்கு விசைத்தறிப் பட்டறையும் கொஞ்சம் தோட்டமும் உண்டு. "மாப்ளைக்கு என்ன வேலைங்க?" என்றார். வெகு தொலைவில் குவேசார் என்று ஒன்று இருக்கிறது, அதன் நடுவிலுள்ள கருந்துளையின் அருகிலிருந்து ஜெட் ஒன்று பீய்ச்சியடிக்கிறது, அதில் பாயும் எலெக்ட்ரான்கள் சாதாரண ஒளியோடு மோதி அதைக் காமா கதிராக்குகின்றன, அது கருந்துளைக்குப் பக்கத்தில் நடக்கிறதா, தள்ளி நடக்கிறதா என்பதே என் ஆராய்ச்சி என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் காதில் விழுந்தது ஜெட் மட்டும். எங்கள் பக்கத்தில் ஜெட் என்றால் போர் போட்ட குழியிலிருந்து தண்ணீர் எடுக்கிற பம்பு.

"அப்படீங்களா! ஜெட்ட எத்தன அடியில எறக்கியிருக்கறீங்கோ?"

"அதுதானுங்க இன்னும் தெரியல."

"அடி தெரியாம எறக்குனா மோட்டாரு காயிலு கருகிப் போயிருமுங்க மாப்ளை!"

திருத்த வாயெடுத்தேன். கூட வந்திருந்த கல்யாணத் தரகர் என் தொடையைக் கிள்ளினார். அதற்குள் மலர் கேசரியோடு வந்தாள். எனக்குக் குவேசாரே மறந்துபோயிற்று.

கல்யாணம் நிச்சயமாகி நான் ஜெர்மனி திரும்பியதும் பத்திரிகையின் மாதிரி தபாலில் வந்தது. என் பெயருக்குக் கீழே 'ஜெட் பம்பு இன்ஜினியர், ஜெர்மனி' என்றிருந்தது. பதறிப்போய் மலருக்குப் போன் செய்தேன்.

"நானும் பாத்தனுங்க. அப்பாகிட்ட நெசத்தச் சொல்லிப்போட்டேன். அவரு பேசோணுமாம்."

அவளுடைய அப்பா போனை வாங்கினார். "தண்ணி வராத ஜெட்டுங்களா?"

"ஆமாங்க மாமா. வெளிச்சந்தான் வருமுங்க."

மறுமுனையில் அவர் தறியை நிறுத்தச் சொல்வது கேட்டது. மலர் கைநழுவிப் போகிறாள் என்று பயந்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"செரி உடுங்க. நம்ம தோட்டத்துப் போர்லயுந்தான் ரெண்டு வருசமாத் தண்ணி வல்ல. அதுக்குன்னு தோட்டத்த உட்டுப்போட்டா போயிட்டோம்? கல்யாணத்துக்கு நேரமே வந்து சேருங்க."

மறுநாள் பேராசிரியருக்குக் கரும்பலகையில் ஜெட்டை வரைந்து காட்டினேன். கை சும்மா இருக்காமல் பக்கத்தில் மாமா தோட்டத்து மோட்டார் ரூமையும் போட்டுவிட்டது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். "இது வாயு மேகமா? எவ்வளவு தூரத்தில்?"

அழிக்க மனம் வரவில்லை.

"ரொம்பத் தூரம்தான்," என்றேன்.