அடிபம்பின் கைப்பிடி

பண்ணையார் வீட்டு ஆள் "டேய்" என்றால் போட்டது போட்டபடி ஓடிய குடும்பத்தில், கல்லூரி முடித்த முதல் ஆள் நான். இனி யார் ஏவினாலும் அசைவதில்லை என்றிருந்தேன். வேதக்கோயிலில் 'கட்டளை' என்ற சொல் காதில் விழுந்தாலே உடம்பு எரியும்.

எங்கள் தெரு நீடாமங்கலத்துக்குத் தெற்கே. ஆட்சிக்கு வந்தவர்கள் மேடையில் அறிவித்த கூலி வயலுக்கு வந்து சேரவில்லை. சம்பா அறுப்பை நிறுத்தினோம். பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அவர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று தெருக்கூட்டத்தில் முடிவானது. அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் நேரத்துக்கு மட்டும் மாட்டுவேன்.

ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிப்பதும் நான்தான். கைப்பிடியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அன்றைய பகுதி, தாகத்தோடு இருக்கும் பகைவனுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொல்வது. பாதியில் நிறுத்தி, பெஞ்சுக்கு அடியில் கிடந்த கைப்பிடியைப் பார்த்தேன். யாரும் என்னை ஏவவில்லை. ஆராதனை நடத்திய உபதேசியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வசனத்திடம் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் நேரே போய்க் கைப்பிடியை மாட்டினேன். வற்றிய வாய்க்கால் கரையில் காலிக் குடங்களோடு நின்ற வெளியூர்ப் பெண்களைக் கூப்பிட்டேன். "வாங்க, பிடிச்சுக்குங்க."

எங்கள் கூலியாட்கள் சங்கத்தை நடத்திய சித்தப்பா ஓடிவந்தார். "படிச்ச லட்சணமாடா இது? பண்ணைக்கு வால் பிடிக்கிறியா? இனிமே சங்கத்துல உன் பேச்சு எடுபடாது, பாத்துக்க!"

"எடுபடாட்டி கடைசி ஆளா நிக்கிறேன் சித்தப்பா. சங்கக் கொடிய மட்டும் என் கையில குடுங்க."

வேடிக்கை பார்த்த பண்ணைக் காரியக்காரர் சைக்கிளில் இருந்தபடியே சிரித்தார். "வழிக்கு வந்துட்டியா? நாளைக்கு உங்க ஆளுங்களயும் கூட்டிக்கிட்டு வயலுக்கு வாடா."

"வருவேங்க. அருவா எடுக்காம, கொடியோட. தண்ணி குடுக்கச் சொன்னவரு வேற. நீங்க இல்ல."

அவரிடம் குரல் நடுங்காமல் நான் பேசியது அன்றுதான். அதுவரை அவர் சொன்னதற்கெல்லாம் எதிராகச் செய்வதே என் பிழைப்பாக இருந்தது. அதுவும் ஒரு பண்ணை வேலைதான்.

மறுநாள் விடிந்ததும் கொடியோடு வரப்பில் நின்றேன். சித்தப்பா என் பக்கம் திரும்பவில்லை. தெருவில் பம்பு அடிக்கும் சத்தம் மட்டும் வயல் வரை கேட்டுக்கொண்டிருந்தது.