துளசி மணத்த வாய்

"சாப்பிட்டாச்சு டாக்டர்" என்றவர் வாயைத் திறந்ததும் துளசி மணத்தது. ராஜபாளையத்தில் என் பல் கிளினிக்; மரத்துப்போவதற்கான ஊசி கையில் அப்படியே நின்றது.

இன்றைப் போலவே அன்றும் புரட்டாசிச் சனிக்கிழமைதான். எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, கடைவாய்ப்பல் வலி தாங்காமல் அப்பா ஊருக்குள் ஒரு பல் டாக்டரிடம் போனார். நானும் கூட இருந்தேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு சார்."

ஆகவில்லை. காலையில் சுகர் மாத்திரை போட்டவர், வாயில் விட்டது துளசித் தீர்த்தம் மட்டும்தான். விரதம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வலியோடு மில்லுக்குப் போக வேண்டும் என்று பயந்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஏட்டி, சும்மா இரு."

இருந்தேன். ஊசி இறங்கியது. செத்த நேரத்தில் சட்டை வேர்வையில் நனைந்து, கை நடுங்கி, அப்பாவுக்குப் பேச்சு குழறியது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"விரதம் சார். மாத்திரை மட்டும் போட்டாவ" என்று அழுதேன். குளுக்கோஸைக் கரைத்துப் புகட்டிய பிறகும் வெகுநேரம் அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

ஊசியைத் தட்டில் வைத்தேன். நாற்காலியருகே நின்ற நோயாளியின் மகளிடம் கேட்டேன்.

"அப்பா சாப்பிட்டாவளாம்மா?"

அவள் தரையைப் பார்த்தபடி இல்லையென்று தலையாட்டினாள்.