தங்கப்பழம் அண்ணாச்சியின் நீலச் சுடர்

மிளகாய் வற்றலை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் பண்ணையில் வேலை பார்த்த பாண்டி போன் செய்தான். "அண்ணாச்சி போயிட்டாவ" என்றான். எங்கள் பக்கத்தில் தெருவுக்குப் பத்து அண்ணாச்சி உண்டு. எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. கோணி ஊசியைச் சாக்கிலேயே குத்திவிட்டுக் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

தங்கப்பழம் அண்ணாச்சியைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் புண்ணியவான், சாந்த சொரூபி என்றெல்லாம் இரங்கல் கூட்டத்தில் யாரோ பேசினார்கள். சாந்தமாவது ஒன்றாவது. அவர் குரல் கேட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்டவரோடு முன்கோபக்காரனான நானும் கூட்டுச் சேர்ந்து, விளாத்திகுளம் போகிற வழியில் என் கரிசல் நிலத்தில் கோழிப்பண்ணை போட்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டு பேரும் சண்டை போட்டே பிரிந்துவிடுவோம் என்று ஊரே காத்திருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாயில்லாத குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்தாக வேண்டும். முதலில் கரி அடுப்பு வைத்துப் பார்த்தோம். புகையில் குஞ்சுகளும் இருமின, நாங்களும் இருமினோம். நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் பழையதாகக் கிடந்த கேஸ் ஹீட்டரை அண்ணாச்சி லாரியில் ஏற்றி வந்தார். கொட்டகையின் நீளத்துக்கும் சங்கிலியில் தொங்குகிற இரும்புக் குழாய், மேலே சூட்டைக் கீழே திருப்ப அலுமினியத் தகடு, ஒரு முனையில் பர்னர் பெட்டி. தீ முழுக்கக் குழாய்க்குள்ளேதான். வெளிக்காற்றை இழுக்க ஒரு குழாய், புகையை வெளியே தள்ள ஒரு குழாய். பண்ணைக்கு வரும்வரை அவர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். அதனாலோ என்னவோ, நெருப்பிடம் அவருக்குப் பயமும் மரியாதையும் சம அளவில் இருந்தன. சுவிட்சைப் போட்டதும் காற்றாடி கொஞ்ச நேரம் ஓடி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றும். அதன்பிறகுதான் பொறி விழும். அதுவரை பக்கத்தில் யாரும் பேசக் கூடாது.

பர்னர் பெட்டியில் சுடரைப் பார்க்க வட்டமாக ஒரு சிறு கண்ணாடி உண்டு. ஆயுத பூஜைக்குப் பாண்டி பெட்டிக்கெல்லாம் சந்தனம் வைத்தவன், அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் நெற்றி என்றே முடிவு செய்து, நடுவில் பெரிய குங்குமப் பொட்டாக வைத்துவிட்டான். அண்ணாச்சி வேட்டி நுனியால் அதைத் துடைத்தார். "ஏலே, நெத்திக்குப் பொட்டு வை, வேண்டாங்கல. கண்ணுல போய் வைப்பியாலே?" என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சுடரைப் பார்க்கச் சொன்னார். "நீலமா எரிஞ்சா அது பாட்டுக்கு வேலை பாக்குது. மஞ்சளா எரிஞ்சா நம்மகிட்ட என்னத்தையோ கேக்குதுன்னு அர்த்தம்."

அடுத்த ஐப்பசியில் அது கேட்டது. குஞ்சுகள் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. விடாத தூறல். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. பாண்டியின் மனைவி செல்வி தலை சுற்றுகிறது என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். சுடர் மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. உடனே கேஸை மூடினார், பக்கத்துப் படுதாக்களை எல்லாம் சுருட்டச் சொன்னார். "குஞ்சு குளிர்ல செத்துரும் அண்ணாச்சி" என்றேன். "மனுசன் மூச்சு முட்டிச் சாவான். மொதல்ல எல்லாரும் வெளிய போங்க" என்றார்.

காற்று இழுக்கும் குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. குஞ்சு இல்லாமல் ஹீட்டர் சும்மா கிடந்த மாதத்தில் கட்டியிருக்கிறது. வாயில் இருக்க வேண்டிய கம்பி வலையைக் காணோம். நான் கரண்டிக் காம்பை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். ஒரே இடியில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். செல்வி அழுதுகொண்டே ஓடிவந்து ஏணியைப் பிடித்தாள்.

"வலையக் கழட்டுனது நாந்தான் அண்ணாச்சி. கழுவ எடுத்தேன், அதுக்குள்ள கூடு கட்டிட்டு. கலைக்க மனசு வரல."

குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அவளும் பாண்டியும் கொட்டகையை ஒட்டிய அறையில்தான் இருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. மாமியார் வீட்டுப் பேச்சு தாங்காமல்தான் பண்ணைக்கே குடிவந்தார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆயிரக்கணக்கான குஞ்சு உள்ளே நடுங்குகிறது, இவள் கூட்டைப் பார்க்கிறாளே என்று.

அண்ணாச்சி என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே போட்டார். "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா" என்றார் செல்வியிடம். சத்தம் போடாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். பிறகு பாண்டியிடம் திரும்பினார். "ஊருக்குள்ள போ. அடுப்பு எரியுத வீட்டுலல்லாம் கேளு, சாயங்காலம் வரைக்கும் குஞ்சு வச்சுக்கிடுவியளான்னு."

இது நடக்கிற காரியமா? ஆனால் கொஞ்ச நேரத்தில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊர்ச்சனம் வந்தது. ஓலைப்பெட்டி, சுளவு, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தொட்டி, கையில் கிடைத்ததோடு வந்தார்கள். "எங்க வீட்டுக்கு இன்னுங் கொஞ்சம் போடுங்க, பூனை கெடையாது" என்று சண்டைகூட நடந்தது. கொட்டகை காலியானது.

இரும்பு ஆறியதும் அண்ணாச்சி ஏணியில் ஏறினார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, தூறலில் வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. கூடு இருந்த துண்டை மட்டும் ஆக்ஸா பிளேடால் அறுத்தார். மண் உதிரக் கூடாது என்று ஒரு கையால் குழாயைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு இழுப்பாக. பாண்டி கோவில்பட்டி போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்தான். கரிசல் சேறு அப்பிக்கொண்டு வண்டிச் சக்கரம் நின்றுவிட, கடைசித் தூரத்தைக் குழாயைத் தோளில் வைத்து நடந்தே கடந்தான். நான் பெரிய குழாய்க்குள் சூட்டை நிறுத்திவைக்கப் போட்டிருந்த முறுக்குத் தகட்டை உருவிக் கரியைத் துடைத்தேன். என் முகமும் கரியாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுவிட்சைப் போட்டோம். காற்றாடி ஓடியது, பொறி விழுந்தது. கண்ணாடியில் நீலம்.

குஞ்சுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. சில செத்திருந்தன, பூனை இல்லாத வீட்டிலும்தான். எங்கள் குஞ்சுகளோடு யார் வீட்டதோ ஒரு கறுப்பு நாட்டுக் கோழிக்குஞ்சும் சேர்ந்து வந்திருந்தது. அறுத்த குழாய்த் துண்டை அண்ணாச்சி செல்வியின் அறைக் கூரை இறவாணத்தில் செருகி வைத்தார். குளவி பறந்து போனதும் ஓட்டை விழுந்த கூட்டை அவளே அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு மனிதரைப் பார்த்து மலைத்து நிற்பது எனக்குப் பழக்கமில்லை. அவரைப் பார்த்து நின்றேன்.

செல்விக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை, இன்றுவரை இல்லை. கொஞ்ச காலம் கழித்து நான் குத்தலாகவே கேட்டேன், அன்றைக்கு மழையில் நனைந்து அறுத்தீர்களே, என்ன பலன் என்று. அவர் தீவன மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"கூடு கலைஞ்சதாலதான் இல்லாமப் போச்சுன்னு அவ ஒரு நாளும் நெனைக்க மாட்டாள்லா தம்பி. ஊர்க்காரனும் சொல்ல முடியாதுல்லா."

அண்ணாச்சி போன அன்று அவர் வீட்டு வாசலில் செல்வி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இல்லாத குறையை அவள் எத்தனையோ பேரிடம் அழுதிருக்கிறாள். ஒருமுறைகூடத் தன்னைக் குற்றம் சொல்லி அவள் அழுது நான் கேட்டதில்லை. அடுத்தவர் நம்புகிற எதன்மேலும் என் கை இப்போது சட்டென்று ஓங்குவதில்லை. அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.