கேரியரைப் பிடித்த கை

1987 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை, காலை எட்டு இருபது. ஆவடியில் மேகமூட்டம். காற்றே இல்லை, ஏற்றிய கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் என்ற முறையில் பதினோரு நிமிடம் பேசினேன். அடுத்தவர் தயவில் வாழ்வது வாழ்வே அல்ல என்று முடித்தேன். கைதட்டல் சுமார்தான்.

மிட்டாய் கொடுத்ததும் மைதானம் காலியாகிவிடும். விடுமுறை நாட்களில் குடியிருப்புப் பெண்கள் வண்டி பழகுவது அங்கேதான். என் மனைவியும் என் மொபெட்டில் பழகிக்கொண்டிருந்தாள். பூந்தமல்லியில் இருந்த அவள் தங்கையைப் பார்க்க, மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும் நான் பஸ்ஸில் அழைத்துப்போவேன். மொபெட்டில் இருவர் போனால் டயர் தேய்ந்துவிடும். நினைத்த நேரத்தில் தானே போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கு ஆட்சேபம் இல்லை. பின்னால் கேரியரைப் பிடித்தபடி நான் ஓடிவருவேன் என்பது ஒன்றே நிபந்தனை.

"கைய எடுங்க. நீங்க புடிக்கறதாலதான் வண்டி கோணுது."

"விட்டா விழுந்துடுவே."

"விழுந்தா நான்தானே விழறேன்? இப்பதான் மைக்குல அவ்வளவு நேரம் பேசினீங்க!"

"அது நாட்டுக்குச் சொன்னது."

பக்கத்து வீட்டம்மாள் சிரித்துவிட்டார். நான் அவர் பக்கம் திரும்பியதில் பிடி நழுவியது. மனைவி மைதானத்தைச் சுற்றவில்லை. வாசலைத் தாண்டி நேராகப் பூந்தமல்லி சாலையில் போய்விட்டாள்.

ஆட்டோ பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, சண்ட போட்டுக்கினு பூட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லப்பா. ஒரு பாதுகாப்புக்கு."

தங்கை வீட்டில் அவள் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. "வந்துட்டீங்களா? திரும்பறப்ப பின்னாடி உக்காந்துக்குங்க" என்றாள்.

சங்கச் செயலாளர் மனைவியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குடியிருப்புக்குள் நுழைவதா? ஆட்டோவிலேயே ஏறி, மொபெட்டின் பின்னாலேயே போகச் சொன்னேன்.

"அம்மா சோக்காத்தான் ஓட்டுது. நீ இன்னாத்துக்கு நைனா பின்னாலயே வந்துகினு கீறே?" என்றார் ஓட்டுநர். சாலையைக் கவனிக்கச் சொன்னேன்.

வீட்டு வாசலில் அவள் வண்டியைப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கேட்க வாயெடுத்தேன்; அதற்குள் ஓட்டுநர் கையை நீட்டிவிட்டார். போக, வர, காத்திருந்ததற்கு, மெதுவாக ஓட்டியதற்குத் தனியாக என்று எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டு ரூபாய்.