அந்தோணி அண்ணனின் மதுக்கடை லைசென்ஸ்

1. நான் படிக்காத இரண்டாம் பக்கம்

ஜப்பான்காரர்கள் கோலாலம்பூருக்கு வந்து அரசாங்க ஆபீஸை மறுபடி திறந்தபோது, லைசென்ஸ் பகுதியில் மிஞ்சியிருந்த பழைய ஆள் நான் ஒருவன்தான். கள்ளுக்கடை, சம்சு என்ற மலிவுச் சாராயம் விற்கும் கடை, பீர் வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் கணக்கெழுதி லைசென்ஸ் கொடுக்கும் கிராணி நான்தான். வந்ததும் ஓர் உத்தரவு போட்டார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த லைசென்ஸ் எதுவும் செல்லாது, எல்லாரும் புதிதாக வாங்க வேண்டும். இரண்டு பக்கம் டைப் அடித்திருந்தது. நான் முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டேன். ஐந்து வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மிதப்பு.

அந்தோணி அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் பீரும் விற்கும் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். எங்கள் சர்ச்சுக்காரர். புதிய லைசென்ஸில் சிவப்பு முத்திரை குத்தி அவரிடம் நீட்டினேன்.

"பழசை என்ன செய்யறது தம்பி? இங்க குடுத்துடணுமா?"

"எதுக்கு அண்ணே? எப்பவும் போல புதுசுக்குப் பின்னால வச்சு ஃபிரேம் போட்டுடுங்க."

வெள்ளைக்காரன் காலத்தில் அதுதான் வழக்கம். சுவரில் மாட்டிய ஃபிரேமை இன்ஸ்பெக்டர் பிரித்தால், கடை எத்தனை வருடமாக ஒழுங்காக நடக்கிறது என்று அடுக்கைப் பார்த்தே தெரிந்துகொள்வார். கடைக்காரர்களுக்கு அது ஒரு கௌரவம்.

சில மாதம் கழித்துச் சோதனைக்கு வந்த ஜப்பான் அதிகாரியும் அந்த ஃபிரேமைப் பிரித்தார். வெள்ளைக்கார ராஜாவின் கிரீடம் அச்சடித்த பழைய லைசென்ஸ் உள்ளே இருந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வருவான் என்று பத்திரப்படுத்தியிருக்கிறாயா என்று கேட்டு, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அண்ணனை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அவர் மனைவி ரோசம்மா அக்கா என் மேசைக்கு வந்தார்.

"நீங்க சொல்லித்தானே தம்பி வச்சாரு. அதை மட்டும் உங்க ஆபீசர்கிட்ட சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் எதிரிலேயே உத்தரவை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். பழைய லைசென்ஸ்களை வாங்கி ஆபீஸிலேயே எரிக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது.

"சொல்றேன்க்கா" என்றேன்.

சொல்லவில்லை. அதிகாரியின் அறைக் கதவு வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பயம், வேறொன்றுமில்லை.

பதினேழு நாள் கழித்து அண்ணனை விட்டார்கள். அடித்த அடியில் ஒரு காது கேட்காமல் போய்விட்டது, மற்றதில் பாதிதான் கேட்டது. அடைத்து வைத்து விசாரித்தபோது அவர் என் பெயரைச் சொல்லவே இல்லை என்று பிறகு தெரிந்தது. கடையை மூடிவிட்டு இருவரும் பாசார் சந்தையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றார்கள். நான் சர்ச்சில் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன்.

2. அடுத்த உத்தரவு

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பினான். ஜப்பான் காலத்து லைசென்ஸ் செல்லாது, சண்டைக்கு முந்திய லைசென்ஸைக் காட்டினால்தான் புதுப்பிக்கலாம் என்றான். அந்த உத்தரவை நான் கடைசி வரி வரை படித்தேன். பழையது தொலைந்திருந்தால், எப்படித் தொலைந்தது என்று நேரில் அறிந்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன் வந்து நின்றார். கையில் ஒரு காகிதமும் இல்லை.

ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷில் எழுதினேன். இரண்டாம் பக்கத்தைப் படிக்காதது, ஃபிரேமில் வைக்கச் சொன்னது, அக்காவிடம் சொல்கிறேன் என்றுவிட்டுச் சும்மா இருந்தது. எழுதியதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். முதல் வரியே அவருக்குக் கேட்கவில்லை. காதருகே குனிந்து கத்திப் படிக்க வேண்டியதாயிற்று. டைப் அடிக்கும் சத்தம் நின்றது. ஆபீஸ் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

முடித்ததும் அவர் சொன்னார்.

"இதை அன்னிக்கு மெதுவா சொல்லியிருந்தாலே போதுமே தம்பி. இப்ப இப்படிக் கத்த வேண்டியிருந்திருக்காது."

லைசென்ஸ் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு போனார்.

என் நாற்காலிக்கு வருகிறவர்களுக்கு உத்தரவை முழுதாகப் படியுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் படித்தவன் கையிலும் ஒரு நாள் பிழை வரும். அன்றைக்கே எழுந்து போய், அது என்னுடையது என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லி முடித்தபோது, கேட்க வேண்டியவருக்குக் காது போயிருந்தது.