சகலை போட்ட வாய்ஸ்

சகலை செல்போனைக் காதில் வைத்துப் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. அவித்த மக்காச்சோளத்தைக் கடிக்கப் போகிறவர்போல வாய்க்கு நேரே குறுக்காகப் பிடித்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போடுகிறாராம். மாமனார் வீட்டு வாசலில் நின்று பேசி அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். எனக்கு வயிறு எரியும்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். மேலநீலிதநல்லூர்க்காரர், டிகிரி முடித்தவர். நான் சங்கரன்கோவிலில் எட்டாம் வகுப்போடு நின்று ஆட்டுக்குப் பின்னால் போனவன். ஆடு வளர்க்கிறவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தது நான்தான். ஈரோடு, சேலம் என்று வெளிமாவட்டத்துக்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள். இத்தனை பேரை ஒற்றை ஆளாக மேய்க்கப் பயந்துபோய்ச் சகலையையும் அட்மின் ஆக்கினேன். கொஞ்ச நாளிலேயே எல்லாரும் அதை ‘மேலநீலிதநல்லூரார் குரூப்பு’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அது திரும்பவும் என் குழுவாக வேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் எனக்குச் சோறு இறங்காமல் இருந்தது.

குழுவில் இரண்டு வார்த்தை சூடாக வந்தாலே உடனே அழிப்பேன். அதற்கும் அடங்காவிட்டால் அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுவேன். சகலை வந்து திறந்துவிடுவார். “ஏன் சகல, வெளிக்கதவ அடைச்சிட்டா உள்ள கெடந்து அடிச்சிக்கிட மாட்டானுவளா?” என்பார். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி, “எங்க தங்கச்சி வீட்டுக்காரரு பேசுனா ஆடுகூட நின்னு கேக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

ஒருநாள் மத்தியானம் ஈரோட்டுத் தம்பி ஒருவர், வயிறு உப்பிப் படுத்துக் கிடந்த ஆட்டைப் படம் எடுத்துப் போட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். ராயகிரி அண்ணாச்சி ஒருவர் உடனே பதில் எழுதினார். ஆரம்பமே ‘என்னவே’. எங்கள் பக்கம் ‘வே’ என்பது சமமாக மதிக்கிற ஆளிடம் மட்டும் போடுகிற வார்த்தை. ஈரோட்டில் அது யாருக்குத் தெரியும்? ‘யாரைப் பார்த்து வே போடுறீங்க, மரியாதையாப் பேசுங்க’ என்று தம்பி எழுத, அந்தப் பக்கத்து ஆட்கள் வரிசையாக வந்து இறங்கினார்கள். ஆட்டை மறந்து மாவட்டத்தைத் திட்டிக்கொண்டார்கள். நான் அண்ணாச்சி எழுதியதை அழித்தேன். நெருப்பு பிடித்த இடத்தில்தானே தண்ணீர் ஊற்ற முடியும்? இன்றைக்கும் அது தப்பென்று சொல்லமாட்டேன். அண்ணாச்சியோ, ‘என் பேச்ச அழிக்க நீரு யாருவே’ என்று எனக்கு எழுதிவிட்டுக் குழுவைவிட்டே போய்விட்டார். பின்னாலேயே ராயகிரி ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

சகலை அவருக்குப் போன் போட்டார். “நீங்க எழுதுனத அப்படியே வாயால சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம்.” திரும்பச் சேர்த்துவிட்டதும் அண்ணாச்சியின் குரல் குழுவில் வந்தது. “என்னவே, ஆட்டுக்கு வயிறு இப்படி உப்பிக் கெடக்கு, நீரு படம் புடிச்சிக்கிட்டு நிக்கீரு? வெரசா எண்ணெய ஊத்தி நடக்க விடும்வே!” சொந்த ஆடு கிடந்து துடிப்பதுபோல அப்படி ஒரு பதற்றம். கொஞ்ச நேரத்தில் தம்பியின் குரலும் வந்தது. “நீங்க இவ்வளவு பதறுனது எழுத்துல தெரியலீங்ணா. எண்ணெய் ஊத்தியாச்சுங்க.” பொழுது சாய்வதற்குள் ஆடு எழுந்து நிற்கிற படத்தையும் அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து குழுவில் அதுதான் சட்டம். சண்டை வந்தால் எழுதக் கூடாது, பேசித்தான் அனுப்ப வேண்டும். எனக்கு ஆறாதது இதுதான். ஒற்றெழுத்து எங்கே வரும் என்று பயந்து பயந்து எழுதுகிறவன் நான். பேசி அனுப்பலாம் என்ற யோசனை எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்? முத்துமுத்தாக எழுதத் தெரிந்த மனிதருக்குப் போய் அது தோன்றியிருக்கிறதே!

இப்போது சகலை வளைகுடாவில் வேலையில் இருக்கிறார். போகும்போது அட்மின் பொறுப்பிலிருந்து அவராகவே விலகிக்கொண்டார். “இது ஒம்ம குரூப்புதான சகல, நீரே பாத்துக்கிடும்” என்றார். என் ஆட்டைப் பிடித்து எனக்கே தானம் கொடுத்த மாதிரி இருந்தது.

போன வாரம், ஆட்டை எடை போட்டு விற்பதா, கண்மதிப்பில் விற்பதா என்று பெரிய சண்டை. நான் பேசிப் பார்த்து, அழித்து, திரும்பப் பேசி, ஒருவழியாக வாய்ஸ் போட்டேன். எல்லாரும் அடங்கினார்கள். ராயகிரி அண்ணாச்சியிடமிருந்து முதன்முதலாக எனக்கொரு பாராட்டு வந்தது. “நல்லாத்தான் பேசுதீருவே. கண்ண மூடிக் கேட்டா ஒம்ம சகலையேதான்!”

அதற்குக் கீழே, கடல் தாண்டிச் சகலையிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று. அவ்வளவுதான், ஒரு வார்த்தை இல்லை. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினேன். அட்மின் நான், அழிக்கலாம். ஆனால் அழித்தால், இன்னார் அழித்தார் என்று அந்த இடத்தில் என் பெயர் விழும், அத்தனை பேரும் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து விட்டுவைத்திருக்கிறேன்.