நாவலூருக்குக் கிழக்கே வாய் மூடிய ஆறு மணி நேரம்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைப் பயணம் போவதற்கு முன்பே நான் எழுதி முடித்திருந்தேன். 'நம் கடற்கரை: மக்கள், பொருளாதாரம், ஆட்சி' என்று தலைப்பு. சேலையூரில் என் வீட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அரசாங்கக் கைப்புத்தகங்கள் இரண்டைப் புரட்டி எழுதியது. 'கடலன்னையின் மடியில் தவழும் மைந்தர்கள்' என்று ஒரு வரிகூட அதில் உண்டு. நான் அதுவரை கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவனில்லை. ஊரின் பெயர், கட்டுமரங்களின் எண்ணிக்கை, மீன் விலை ஆகியவற்றுக்கு மட்டும் புள்ளி வைத்து இடம் விட்டிருந்தேன். அந்த இடங்களை நிரப்பத்தான் புறப்பட்டேன். அறுபதுகளின் கடைசியில், மாசி மாதத்துச் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை; நான் குடிமையியல் வாத்தியார்.

காலை ஐந்து மணிக்குத் தாம்பரம் கிழக்கில் பஸ். சோழிங்கநல்லூருக்கு நாற்பது பைசா. செம்பாக்கம் ஏரி தாண்டும்போது வெளியே இன்னும் இருட்டு. தண்ணீரின் வாசனை மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. சோழிங்கநல்லூரில் இறங்கி மகாபலிபுரம் போகும் பஸ்ஸில் மாறினேன்.

"நாவலூரா? அங்க இன்னா சார் கீது?" என்றார் கண்டக்டர்.

"கடற்கரைக்குப் போகிறேன்."

"கடல் பார்க்கணும்னா மெரினாவுக்குப் போறதுதானே? சுண்டலாவது கெடைக்கும்."

நாவலூரில் இறங்கியபோது மணி ஆறே கால். அங்கே வயல், ஒரு டீக்கடை, இரண்டு எருமை. கிழக்கே நடந்தால் பக்கிங்காம் கால்வாய். ஓடக்காரர் ஐந்து பைசா வாங்கிக்கொண்டு, விறகுக் கட்டுகளுக்கு நடுவே என்னையும் ஒரு கட்டாக நிறுத்தி அக்கரை சேர்த்தார். அப்புறம் சவுக்குத் தோப்பு. அப்புறம் மணல், செருப்பைக் கையில் எடுத்தாலொழிய நடக்க முடியாத மணல்.

நான் தேர்ந்தெடுத்த குப்பம் அஞ்சலையின் ஊர். அஞ்சலை எங்கள் தெருவுக்கு மீன் கூடை கொண்டுவருகிறவள். மூன்று வாரமாக அவள் வரவில்லை. போகிற இடத்தில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கட்டும் என்பதே என் ஆராய்ச்சி முறை.

ஏழு மணி. கரை காலியாக இருந்தது. மற்றவர்களெல்லாம் விடியுமுன்பே கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரே ஒரு கட்டுமரம் மட்டும் நீரோரத்தில் நின்றது. அதன் கயிற்றை நடுவயதுக்காரர் ஒருவர் அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருந்தார். இளையவர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "வாண்ணா, வாண்ணா" என்று கத்திக்கொண்டிருந்தார். மூத்தவர் ஒருவழியாகத் துடுப்பைக் கையில் எடுத்தார். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று கேட்டேன்:

"எங்கே போறீங்க?"

வேறெங்கே போவார்கள், வண்டலூருக்கா? தமிழ்நாட்டில் வெளியே கிளம்புகிறவனிடம் இதை யாரும் கேட்பதில்லை. கடைக்குப் புறப்படும்போது என் மனைவிகூட "தூரமா?" என்றுதான் கேட்பாள். வேதக்கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டிலேயே அப்படி. கடலுக்குள் போகிறவனிடம் நான் கேட்டேன்.

மூத்தவர் துடுப்பை மணலில் வைத்தார், கரையேறி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாருயா நீ? சோமாறி!" என்று இளையவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். அதற்குள் குடிசைப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். அஞ்சலை.

"ஐய, நம்ப தாம்பரம் வாத்தியாரு! கன்னியப்பா, அடிச்சிடாதே!" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "இன்னா சார் இப்படிப் பண்ணிட்டே? அலையில மரம் பொரண்டு எங்கூட்டுக்காரரு மார்ல இடிச்சிச்சு. மூணு வாரமாப் படுக்கை. இன்னிக்குத்தான் மொத மொதல்ல எறங்கறாரு. வூட்ல ஒரு பிடி அரிசி இல்ல. வாயை வச்சிட்டியே!"

மணலில் உட்கார்ந்திருந்தவர்தான் அவள் கணவர் தேசப்பன். கன்னியப்பன் அவருடைய தம்பி. கேள்வி விழுந்துவிட்டால் அன்றைக்கு மரம் இறங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். தம்பிக்கு மனம் ஆறவில்லை. வாளை மீன் கூட்டம் வந்திருக்கிறது, எல்லா மரமும் அதன் மேல்தான் நிற்கிறது என்று புலம்பினார்.

என் கட்டுரையில் 'ஆட்சி' என்ற பகுதியில், தலைவரும் உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்படும் விதத்தை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். உண்மையான ஆட்சி ஐந்து நிமிஷத்தில் கூடியது. கடலுக்குப் போகாத பெரியவர்கள் நாலு பேர். அவர்களை நாட்டார் என்கிறார்கள். மூத்த நாட்டார் பல் குச்சியோடு வந்தார். வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிரதிவாதியான நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீ பேசாதே சார். பேசித்தான் கெடுத்தே" என்றார் நாட்டார். பிறகு தேசப்பனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். குச்சியைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "கெட்டது இந்த வாயாலே. இந்த வாயை மூடிக்கினு, மரம் கரைக்கு வர்ற வரைக்கும் இவுரு இங்கயே குந்தட்டும். கேள்வி கழிஞ்சிடும். நீ எறங்கு தேசப்பா."

"அப்படி ஒரு வழக்கம் கீதா?" என்றார் தேசப்பன் மெல்ல.

"இன்னிலேர்ந்து கீது."

தேசப்பன் கடலைப் பார்த்தார், நாட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்தார். ஏழே முக்கால் மணிக்கு மரம் கரையோரத்து மூன்று அலைகளையும் தாண்டியது. மூன்றாவது அலையில் இருவரும் மறைந்து, மறுபடி தெரிந்தார்கள். அஞ்சலை அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ஒன்பதரைக்கு மற்ற மரங்கள் வரத் தொடங்கின. நான் கேட்க நினைத்த அத்தனையும் என் எதிரே நடந்தது. பெண்கள் கூடையோடு வட்டமாக நின்றார்கள். ஒரு குவியல் வாளையை நாலு ரூபாய்க்கு ஒருத்தி கேட்க, இன்னொருத்தி நாலரை என்றாள். முதலாமவள் இரண்டாமவளின் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, குவியல் ஐந்து ரூபாய்க்குப் போனது. பொருளாதாரத்தில் மாமியாருக்கு உள்ள இடம் எந்தக் கைப்புத்தகத்திலும் இல்லை. யார் மாமியார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

பத்தரைக்குப் பஞ்சாயத்து ஒன்றிய அலுவலகத்துக்காரர் ஒருவர் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சார் யாரு?" என்று என்னைக் கேட்டார். நான் புன்னகைத்தேன்.

"தண்டனைல கீறாரு சார்" என்றார் நாட்டார்.

எந்தச் சட்டத்தின் கீழ் என்று அவர் கேட்கவில்லை. சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார், அவ்வளவுதான்.

பதினொன்றரைக்குள் எல்லா மரங்களும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. ஏலம் முடிந்தது, கூடைகள் தோப்பு வழியே போய்விட்டன. வெயில் ஏறியது. யாரோ ஒருத்தி என் தலைக்கு ஓர் ஓலை கொடுத்தாள். அஞ்சலை நீரோரத்தில் நின்றாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பன்னிரண்டானது, ஒன்றானது. பதினெட்டு வருஷம் வகுப்பில் பேசிப் பிழைத்தவன் நான். ஒரு வார்த்தை வாய்தவறி விழுந்தால் ஒரு மனிதனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று, அறிவியல் மனப்பான்மை பற்றி மாணவர்களுக்குப் பிரசங்கம் செய்யும் நான், இருமலைக்கூட விழுங்கினேன்.

ஒன்றே கால். தெற்கே ஒரு பழுப்புப் பாய். அது பெரிதாகிக் கரையேற இன்னும் இருபது நிமிஷம் பிடித்தது. இரண்டரைக் கூடை வாளை, கொஞ்சம் காரப்பொடி மீன். தேசப்பன் இறங்கி நேராக மணலுக்கு வந்து உட்கார்ந்தார். அஞ்சலை மீனைக் கூடையில் அள்ளினாள்.

"இப்போ பேசலாம் சார், இன்னா வேணும் கேளு" என்றார் நாட்டார்.

எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. இரண்டரை மணி ஓடத்தில் திரும்பினேன். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஆறு மாதமாக மனு கொடுத்து வந்தோம். மூன்று அலுவலகம், ரசீதுக்கு ஒரு எண். குப்பத்திலோ ஒரு பல் குச்சி தேயும் நேரத்தில் வழக்கு, தீர்ப்பு, தேவைப்பட்டால் புதுச் சட்டம். இதையெல்லாம் சேர்த்துக் கட்டுரையைத் திருப்பி எழுதினேன். கிராமத்து நம்பிக்கைக்கு நான் தலைவணங்கியதும், என் மௌனத்தால் ஒரு குடும்பம் சாப்பிட்டதும் அதில் சற்று உருக்கமாகவே வந்திருந்தன.

இரண்டு வாரம் கழித்து அஞ்சலை கூடையோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். "உன் வீட்டுக்காரரை என் கேள்வி அன்றைக்கு ரொம்பச் சங்கடப்படுத்திவிட்டது" என்று நான் ஆரம்பித்தேன்.

"அட, நீ ஒண்ணு சார்" என்றாள் அவள், வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டபடி. "அடிபட்டதுலேர்ந்து அந்தாளுக்கு அலையைக் கண்டா பயம். யார்னா தடுக்க மாட்டாங்களான்னு நின்னுகினு இருந்தாரு. நாட்டாருக்கும் அது தெரியும். நீ வராட்டி, ஒரு பூனையாவது குறுக்கால போயிருக்கும்."